அந்தப் பொண்ணு தமிழ்ல கேட்டுட்டா

அந்தப் பொண்ணு மட்டும் தமிழ்ல கேக்காம இருந்திருந்தா, நான் இந்நேரம் பட்டர்வொர்த்துக்கு ரயில் ஏறியிருப்பேன் தங்கச்சி. சாயங்காலம் பிள்ளைக்குப் பால் ஆத்திக் குடுக்கிற நேரத்துக்கு வீட்டுல இருந்திருப்பேன். இப்பம் பாருங்க, எல்லைக்கு இந்தப் பக்கம் தாய்லாந்துக்காரன் போட்ட பெஞ்சில பெட்டியும் கையுமா உக்காந்திருக்கேன்.

இல்ல இல்ல, காப்பி வேண்டாம். ஏன் அழுவுறீங்க, தமிழாளான்னு கேட்டீங்கள்லா, அதுவே போதும். நான் அழல. வெயில்ல நடந்து வந்தது, கண்ணு எரியுது. சரி, அழுதேன். அழுதேன்னே வச்சிக்கிடுங்க. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆவப்போவுது.

நீங்க எந்த ஊரு? சுங்கைப்பட்டாணியா. ரயில்ல வரும்போது அந்தப் போர்டப் பாத்திருக்கேன். சாமான் வாங்க வந்தீங்களாக்கும். வீட்டுக்காரரு வண்டி எடுத்துட்டு வர்ற வரைக்கும் இருப்பீங்கள்லா, அப்பம் சொல்லுதேன். கேட்டுட்டு நீங்களே நாயம் சொல்லுங்க, அந்தப் பொண்ணு செஞ்சது சரியா தப்பான்னு.

எம்பேரு தங்கபுஷ்பம். தின்னவேலிப் பக்கம், ஆலங்குளத்துலருந்து உள்ள போகணும். எனக்குத் தம்பி ஒருத்தன், சிவபெருமாளு. பினாங்குல பெரிய கம்பெனியில எஞ்சினியரா இருக்கான். ஏசியில உக்காந்து வேலை. அவன் படிப்புக்கு யாரு பாடுபட்டான்னு நான் சொல்லப்படாது. எங்க ஊருல போயிக் கேட்டா கல்லும் சொல்லும். ஆனா நீங்க எங்க ஊருக்குப் போகப்போறதில்ல, அதனால நானே சொல்லிருதேன்.

எங்கய்யா செத்தப்ப அவன் சின்னப் பய, டவுசர் போடுத வயசு. என்னையும் ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்திருந்தாங்க. அந்த எடம் சரியில்ல, ஒரு வருசம் ஆகுமுன்ன திரும்பி வந்துட்டேன். அது வேற கதை, சவத்தைத் தள்ளுங்க. வந்த அன்னைக்கு எங்கம்மா சோறு போட்டு வைக்கா. ஒரு வாய் அள்ளுதேன். எங்க சித்தி வாசப்படியில நின்னுக்கிட்டு, "ஏக்கா, இனி ஆயுசுக்கும் இவளுக்குத் தண்டச்சோறா"ன்னு கேக்கா. அள்ளுன சோத்தத் தட்டுலயே போட்டுட்டு எந்திரிச்சுட்டேன்.

அன்னைக்கு எடுத்தேன் தங்கச்சி பீடி சுத்துத சுளவ. மடியிலருந்து எறக்கல. காய்ச்சல்னாலும் சுத்துவேன், கல்யாண வீடுன்னாலும் ஒரு ஓரமா உக்காந்து சுத்துவேன். எந்தம்பி பீடித்தூள் நெடியில தும்மிக்கிட்டேதான் படிச்சான், எஞ்சினியரு வரைக்கும் படிச்சான். எனக்கு அன்னைக்குலருந்து ஒரு பழக்கம், வேலை செய்யாம ஒரு வாய் சோறு எறங்காது. பினாங்குலயும் அப்படித்தான். காலையில எந்திரிச்சு வீட்டத் தூத்து, பாத்திரத்தக் கழுவினாத்தான் காப்பியே குடிப்பேன். கிருத்திகா சொல்லுவா, "அண்ணி, மிஷின் இருக்கு, மிஷின் கழுவும்"னு. மிஷின் கழுவினா மிஷின் சாப்பிடட்டும், நான் எதுக்குச் சாப்பிடணும்.

கிருத்திகாங்கது எந்தம்பி பொண்டாட்டி. மெட்ராஸ் பொண்ணு. எங்க ஊருல புருசனுக்கு மூத்தவள மதினிம்பாங்க, அவ அண்ணிம்பா. நல்ல பொண்ணு, குறை சொல்லப்படாது. கோவம் வந்தாக்கூடச் சத்தம் போடமாட்டா. கதவை மட்டும் ரொம்ப மெதுவாச் சாத்துவா.

அவளும் வேலைக்குப் போறவ. பிள்ளை பொறந்து லீவு முடியப்போவுது, எனக்குப் போன் வருது. "யக்கா, வேத்தாளு கையில பிள்ளைய விட மனசில்ல, நீ வா"ங்கான். இந்த 'நீ வா'ங்கத அவன் கல்யாணத்துக்கப்பறம் அன்னைக்குத்தான் சொன்னான். சுளவத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு ஓடுனேன் தங்கச்சி. பக்கத்து வீட்டு ராசகனி கூடச் சொன்னா, "தாயும் பிள்ளையும்னாலும் வாயும் வயிறும் வேற, பாத்துப் போ"ன்னு. அவளுக்குப் பொறாமைன்னு நெனச்சேன். இப்பமும் அப்படித்தான் நெனைக்கேன். அவ தம்பி வெளிநாட்டுல இல்லலா.

போனதும் பிள்ளைய எங்கையில குடுத்தான். மகிழன்னு பேரு. கழுத்துகூட நிக்கல. தலைய உள்ளங்கையில தாங்கிக்கிட்டு அப்படியே நிக்கேன். எனக்கு ஒண்ணு பொறந்திருந்தா இம்புட்டுத்தான் கனத்திருக்கும்னு தோணிச்சு. இதை யார்ட்டயும் சொன்னதில்ல. தம்பிட்டயும் சொன்னதில்ல. நீங்க இனி என்னையப் பாக்கப்போறதில்ல, அதனால சொல்லுதேன்.

ஆனா பாருங்க, உங்க நாட்டுல என்னையப் பிள்ளை பாக்க விடமாட்டாங்களாம். ஊரு சுத்திப் பாக்கத்தான் விடுவாங்களாம். டூரிஸ்ட் பெர்மிட். அதுவும் ஒரு மாசத்துக்கு. மாசம் முடியுமுன்ன நாட்டை விட்டு வெளிய போயிரணும், போயிட்டுத் திரும்பி நடந்து வந்தா இன்னொரு மாசத்துக்கு முத்திரை அடிப்பாங்க. தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். "தப்பில்லையாலே"ன்னு கேட்டேன். "எல்லாரும் செய்யுததுதாங்க்கா"ன்னான். படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்.

நான் டூரிஸ்ட்டாம். எனக்கே சிரிப்பு வரும். நான் பினாங்குல என்னத்தப் பாத்தேன்? கடலு பால்கனியிலருந்து தெரியும், துணி காயப்போடும்போது பாப்பேன். தண்ணிமலை முருகன் கோயிலுக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போனாங்க. படி ஏறினா பிள்ளைக்கு வெயிலு அடிக்கும்னு நான் கீழயே நின்னுட்டேன். அவங்க ரெண்டு பேரும் மேல போய்ட்டு வந்து திருநூறு தந்தாங்க. அவ்வளவுதான் என் சுத்துலா.

முதத் தடவை தம்பிதான் இங்க கூட்டிட்டு வந்தான். ஊசி குத்தப் போற பிள்ளை மாதிரி அவன் கையப் பிடிச்சுக்கிட்டே வந்தேன். உங்க நாட்டுப் பக்கத்து ஆபீஸ்ல வெளிய போற முத்திரை. பெறகு வேலி ஓரமா நடை. லாரி லாரியா வரிசையா நிக்கும். பெறகு தாய்லாந்துக்காரங்க பக்கத்து ஜன்னலு, உள்ள வர்ற முத்திரை. ரெண்டுக்கும் நடுவுல கொஞ்ச தூரம் ஒரு நாடும் இல்லாத ரோடு இருக்கு பாருங்க, அங்க நடக்கும்போது, இங்கன விழுந்து செத்தா எந்த நாட்டுக்காரன் வந்து தூக்குவான்னு தோணும். தம்பிட்டக் கேட்டேன். "நீ ஏன்க்கா சாவுத, நேரா நட"ன்னான்.

அவந்தான் சொல்லிக் குடுத்தான். "யாரு என்ன கேட்டாலும் ஹாலிடேன்னு சொல்லு, சொல்லிட்டுச் சிரி." வீட்டுல பாத்திரம் கழுவிக்கிட்டே சொல்லிப் பாப்பேன். ஹாலிடே, ஹாலிடேன்னு. அதைக் கேட்டுப் பிள்ளை கெக்கெக்கென்னு சிரிக்கும். அதுக்கப்பறம் தனியா வந்து போக ஆரம்பிச்சேன். உங்க மலாய்க்கார ஆபீசருங்க இங்கிலீஷ்ல ஏதோ கேப்பாங்க. நான் ஹாலிடேம்பேன், சிரிப்பேன். டப்புன்னு அடிச்சுக் குடுப்பாங்க. ஒரு தடவை கோயில் கொடைக்கு ஊருக்குப் போய்ட்டு வந்தேன், ஒரு தடவை சிங்கப்பூருக்கு பஸ்ல போய்ட்டு வந்தோம். மத்தபடி இந்த வழிதான். இந்தப் பக்கம் வந்து ஒரு இளநி குடிப்பேன், அப்படியே திரும்பிருவேன்.

திரும்பிப் போனா அவன் கதவுக்கிட்டயே கெடப்பான் தங்கச்சி. சாவி சத்தம் கேட்டதும் "த்தே த்தே"ன்னு அவங்கம்மா மடியிலருந்து வழுகி எறங்கி வருவான். எத்தனை பேருக்குக் கெடைக்கும் அது. என்னைய யாரு அப்படித் தேடியிருக்கா, நீங்களே சொல்லுங்க. கட்டுனவன் தேடல, பெத்தவ போயிட்டா. இந்தப் பிள்ளை தேடுச்சு.

ஒரு நாள் கட்டில்லருந்து விழுந்துட்டான், உதட்டுல ரத்தம். கிருத்திகா ஓடிப்போயித் தூக்குதா. அவ தோள்ல இருந்துக்கிட்டு எம்பக்கம் கைய நீட்டி "ம்மா"ங்கான். என்னையப் பாத்து. எனக்கு உச்சி குளுந்து போச்சி. கைய நீட்டி வாங்கிக்கிட்டேன். "பாத்தியா, யாரு அம்மான்னு பிள்ளைக்கே தெரியுது"ன்னு சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். கிருத்திகாவும் சிரிச்சா. பெறகு குளிக்கப் போனவ வெகுநேரமா வரல. ஆபீஸ்ல அலுப்பு பாவம், வெந்நியில நல்லாக் குளிக்கட்டும்னு விட்டுட்டேன்.

அதுலருந்து எம்மேல அவளுக்குக் கரிசனம் கூடிப்போச்சு, பாத்துக்கிடுங்க. ஞாயித்துக்கிழமையானா மூணு பேருமா வெளிய கெளம்பிருவாங்க. "நீங்க ரெஸ்ட் எடுங்க அண்ணி"ம்பா. பிள்ளைக்குச் சாயங்காலம் சோறு நானே ஊட்டுறேன், நீங்க உக்காருங்கம்பா. பிள்ளை வாயத் தொறக்காது. நான் போயி ஒரு உருண்டை காட்டினாத்தான் தின்னும். அவ தட்டை வச்சிட்டு எந்திரிச்சுப் போயிருவா. கத்துக்கிட மாட்டேங்கா, அதான் அவகிட்ட எனக்கு உள்ள ஒரே வெசனம்.

இந்தத் தடவை எனக்கு ஒரே ஆச்சரியம். தம்பி சொல்லுதான், "யக்கா, நீ ஒரு எடமும் பாத்ததில்ல. தாய்லாந்துக்குள்ள ஹாட்யாய்ல ரூம் போட்டிருக்கேன், ரெண்டு நாளு தங்கிச் சுத்திப் பாத்துட்டு வா"ங்கான். எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சி. கிருத்திகா தானே பெட்டிய அடுக்குதா. ரெண்டு நாளைக்கு இம்புட்டுத் துணியான்னு பாக்கேன், அவ அடுக்கிட்டே இருக்கா. தம்பி கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையையும் உள்ள வைக்கா. "பட்டு எதுக்குத்தா"ன்னேன். "போட்டோ எடுத்துக்கங்க அண்ணி"ன்னா. மெட்ராஸ்காரங்க எதையும் ரொம்பத்தான் செய்வாங்க.

காலையில கெளம்பும்போது பிள்ளை ஒறக்கம். குனிஞ்சு ஒரு முத்தம் குடுக்கப் போனேன். "எழுப்பாதக்கா, எந்திரிச்சா உன்னைய விடமாட்டான்"ன்னு தம்பி தடுத்துட்டான். அதுவும் சரிதானேன்னு பாதத்த மட்டும் தொட்டுட்டு வந்துட்டேன்.

இந்தப் பக்கம் வந்து முத்திரையும் வாங்கியாச்சு. அந்தா நிக்குதே வேனு, அதே மாதிரி ஒண்ணு. ஹாட்யாய் ஹாட்யாய்னு கூப்பிடுதான். பெட்டிய ஏத்திட்டான், நானும் ஒரு கால உள்ள வச்சுட்டேன். ரெண்டு நாளு தங்கச்சி. அவன் மத்தியானம் சோறு தின்னும்போது நான் காக்கா மாதிரி கத்தணும், பெறகு பூனை மாதிரி கத்தணும், அப்பந்தான் வாயத் தொறப்பான். இதை யாருகிட்டயும் சொல்லிட்டு வரலையேன்னு அப்பந்தான் தோணிச்சு. எறக்குய்யா பெட்டியன்னேன். அவன் பாஷையில ஏதோ வஞ்சான். வஞ்சிட்டுப் போறான். ஒரு ஊரையும் பாக்க வேண்டாம், எம்பிள்ளையப் பாத்தாப் போதும்னு வந்த வழியே திரும்பி நடந்தேன். தம்பிட்டயும் சொல்லல. திடுதிப்புன்னு போயி நின்னா சந்தோசப்படுவான்னு நெனச்சேன்.

அங்க போனா, உங்க நாட்டு ஆபீஸ் ஜன்னலுக்குள்ள அந்தப் பொண்ணு. நெத்தியில இத்துனூண்டு திருநூறு. நம்ம பிள்ளை. யூனிபாரமும் அதுவுமா மகராசி மாதிரி இருந்துச்சு. பாஸ்போர்ட்டப் பெரட்டிப் பெரட்டிப் பாத்துட்டு, "அக்கா, தமிழா"ன்னு கேட்டுச்சு.

எத்தனை மாசமாச்சு தெரியுமா, வெளி மனுசரு ஒருத்தரு என்னைய அக்கான்னு கூப்பிட்டு. எனக்கு ஹாலிடே மறந்து போச்சு. சத்தியமா மறந்து போச்சு. இங்கிலீஷ்ல கேட்டா இங்கிலீஷ்ல பொய் வரும். தமிழ்ல கேட்டா எப்படி வரும்?

"அடிக்கடி வந்து போறீங்களேக்கா. காலையிலதானே வெளிய போனீங்க, அதுக்குள்ள திரும்பிட்டீங்க. யாரு வீட்டுல தங்குறீங்க?"ன்னுது. தம்பி வீட்டுலன்னேன். அப்பந்தான் தங்கச்சி அது அந்த வார்த்தையக் கேட்டுச்சு. "தம்பி வீட்டுல சும்மாதானே இருக்கீங்க? வேலை கீலை ஒண்ணும் பாக்கலதானே?"

சும்மாவா. தம்பி வீட்டுல சும்மாவா இருக்கேன் நான்?

வரிசையில எனக்குப் பின்னால ஆளுக நிக்காங்க. அவங்க முன்னால இப்படிக் கேட்டா ஒடம்பெல்லாம் எரியுமா எரியாதா. "நல்லாக் கேட்டம்மா"ன்னேன். "தம்பி வீட்டுல சும்மா உக்காந்து திங்கிறவன்னா நெனச்ச? காலையில எந்திரிச்சா ஒறங்குத வரைக்கும் அந்த வீட்டுல என் கையிதான். சமையலு நான், துணிமணி நான், வீடு தூத்துறது நான். மூணு மாசத்துல எங்கையில வாங்கின பிள்ளை, இன்னைக்கு ஓடுது. யாரு வளத்தா? அவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்கன்னா நான் இருக்கேங்கிற தைரியத்துல போறாங்க"ன்னு நீட்டி மொழக்கிட்டேன்.

அந்தப் பொண்ணு என்னையே பாத்துச்சு. பின்னால அவங்க பெரிய ஆபீசரு ஒருத்தரு வந்து நின்னாரு. என்ன சொல்லுதாங்கன்னு கேட்டாரு போல. இது எங்கிட்டத் திரும்பி மெதுவா, "குடும்பத்துக்கு ஒத்தாசைதானேக்கா? தம்பி உங்களுக்குச் சம்பளம், காசு அப்படி எதுவும் குடுக்கிறதில்லதானே?"ன்னுது.

பாத்தீங்களா. முதல்ல என்னையத் தண்டச்சோறுன்னா, அடுத்தாப்பல எந்தம்பியக் கஞ்சப்பயங்கா. விடுவேனா. "ஏன் குடுக்காம? மாசம் பொறந்தா எம்பேருல பேங்குல போட்டுருவான். கேக்காமலே குடுப்பான், கை நெறையக் குடுப்பான்"ன்னேன்.

குடுத்ததில்ல. நான் கேட்டதுமில்ல, எனக்கு எதுக்கு. ஆனா முன்னப்பின்னத் தெரியாத பொண்ணுகிட்ட எந்தம்பி ஒண்ணும் தாரதில்லன்னு எப்படிச் சொல்லுவேன்? அவன் மானம் என்னாவுறது.

அது கண்ண மூடித் தொறந்துச்சு. பெறகு அந்தப் பெரியவருகிட்ட ரெண்டு வார்த்தை சொல்லுச்சு. அவரு தலைய ஆட்டுனாரு. "அக்கா, பிள்ளை பாத்துக்கிட்டுக் காசு வாங்குனா அது வேலைக்கா. டூரிஸ்ட்டா வந்து வேலை பாக்கக் கூடாது. இன்னைக்கு உங்கள விட முடியாது, வந்த பக்கமே திரும்பிப் போங்க"ன்னு சொல்லிட்டு, பாஸ்போர்ட்ட ரெண்டு கையாலயும் நீட்டுச்சு. கும்பிட்டேன் தங்கச்சி. ஒரு நாளைக்கு விடும்மா, பிள்ளைக்குச் சொல்லிட்டு வந்துருதேன்னு கும்பிட்டேன். அது முகத்தத் திருப்பிக்கிட்டுச்சு. ஒரு தமிழச்சிக்குத் தமிழச்சியே குழி வெட்டுதா. வேற சாதிசனமா இருந்தா இப்படிச் செஞ்சிருக்குமா?

திரும்ப அந்த லாரிக்கெல்லாம் நடுவுல நடந்தேன். இவங்க பக்கத்துல பழைய முத்திரை மேல கோடு போட்டு உள்ள விட்டாங்க. அப்பம் இந்தப் பெஞ்சில வந்து உக்காந்தவதான்.

என்ன சொல்லுதீங்க?

அந்தப் பொண்ணு எனக்கு உதவி பண்ணத்தான் அப்படிக் கேட்டுச்சுங்கீங்களா? அதுவா? எப்படி உதவி?

ஆமான்னு சொல்லணுமா. சும்மாதான் இருக்கேன்னு சொல்லணுமா. அதுக்காகத்தான் அப்படி வளைச்சு வளைச்சுக் கேட்டுதா? வேலை பாக்கலதானே, குடுக்கிறதில்லதானேன்னு... ரெண்டு தடவையும் பதில அதுவே வாயில எடுத்துக் குடுத்துச்சு, நான் தட்டி விட்டுட்டேங்கீங்க.

கொஞ்சம் இருங்க. தண்ணி குடிச்சிக்கிடுதேன்.

அப்படியும் இருக்கலாம். அது கண்ண மூடுனது இப்பம் ஞாபகம் வருது. தவளை தன் வாயாலதான் கெடும்பாங்க. ஒரு வார்த்தை தங்கச்சி. ஆமாத்தா, சும்மாதான் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இந்நேரம் எம்பிள்ளைகிட்டப் போய்ட்டிருப்பேன். யாருக்குத் தெரியப்போவுது, எங்க சித்தியா வந்து கேக்கப்போறா. அவ செத்தே வருசக்கணக்காச்சு. என் வாய அறுத்துத்தான் போடணும். அங்க பிள்ளை சோறு தின்னுச்சோ என்னமோ.

தம்பிக்கு ஒடனே போன் பண்ணி அழுதேன். "எய்யா, வாயக் குடுத்துக் கெட்டேன், என்னையத் திருப்பி விட்டுட்டாங்க"ன்னேன். வேற ஒருத்தன்னா எப்படி ஏசுவான். இவன் ஒரு வார்த்தை ஏசல. "நீ ஏன் ஹாட்யாய் போகல"ன்னு மட்டும் கேட்டான். பெறகு, "சரிக்கா, பரவால்ல. இப்பம் ஹாட்யாய் ரூமுக்குப் போ. நாளைக்கு ஊருக்கு ஃப்ளைட்டு, டிக்கெட் அனுப்புதேன், கொஞ்ச நாளு ஊருல இரு"ன்னான். போனை வைக்குமுன்ன டிக்கெட்டு வந்துட்டு. நம்புவீங்களா? எம்புட்டு வேகம் பாருங்க. சின்னதுலருந்தே அப்படித்தான், கணக்கு வாத்தியாரு கேக்குமுன்ன விடை சொல்லிருவான்.

ஊருக்குப் போயி சும்மா கெடக்கமாட்டேன். நல்ல விசாவா என்ன உண்டோ அதை எழுதிப் போட்டு வாங்கிக்கிட்டு வந்துருவேன். அதுவரைக்கும் இதுக ரெண்டும் லீவு போட்டுச் சமாளிக்கணும். பிள்ளைதான் அழும். என்னையக் காணாம ரெண்டு நாளைக்குச் சோறே தின்னாது. அதை நெனச்சாத்தான்...

இருங்க, அவந்தான் கூப்பிடுதான்.

ஆங், சொல்லுய்யா. இங்கனதான் இருக்கேன். இல்ல, இன்னும் வேன் ஏறல. ஏறுதேன் ஏறுதேன். நம்ம ஆளு ஒரு தங்கச்சி பக்கத்துல இருக்கா, பேசிக்கிட்டிருந்தேன். பிள்ளையக் காட்டு, ஒரு நிமிசம் பாத்துக்கிடுதேன்.

ஏன்? ஒறங்குதானா?

வீட்டுல இல்லையா. பின்ன எங்க?

நர்சரியா. எந்த நர்சரி? கிருத்திகா ஆபீஸ் பக்கத்துலயா. எப்பம் சேத்தீங்க?

காலையிலயா.

நான் கெளம்புனப்பறமா. அது என்னய்யா, நான் ரயில்ல வந்துக்கிட்டிருக்கும்போதே பிள்ளை அங்க போயாச்சா. அந்தப் பொண்ணு என்னையத் திருப்பி விடுறதுக்கு முன்னயே.

இல்லய்யா, கோவம் இல்ல. சத்தம் போடல. கேக்கேன். நீ சொல்லு, கேட்டுக்கிடுதேன். ஆமா. ஆமா, அவளுக்கும் இருக்கும்லா. பெத்தவ. ஆமா, நான் வெளையாட்டுக்குத்தான் சொன்னேன். சரி. நான் ஊருக்குப் போகணுங்கத ஹாட்யாய்ல வச்சுப் பொறுமையாச் சொல்லலாம்னு இருந்தியா. சரிய்யா.

ஒண்ணே ஒண்ணு கேக்கேன், அதுக்கு மட்டும் சொல்லு. அந்தப் பொண்ணு என்னைய உள்ள விட்டிருந்தா, நான் நேரா வந்து வாசல்ல நின்னிருப்பேன். நின்னிருந்தா என்னய்யா செஞ்சிருப்ப?

எய்யா.

சிவபெருமாளு.

சரி விடு. சொல்ல வேண்டாம்.

பிள்ளை அழுதானா? கொஞ்ச நேரமா. பெறகு? வெளையாடுதானாக்கும். சோறு? தின்னானா. யாரு ஊட்டுனா? அவனாவா. அவனே அள்ளித் தின்னானா.

நல்லது. நல்லதுய்யா. இல்ல, நான் அழல, இங்க லாரி சத்தம்.

நான் சொல்லுததக் கேட்டுக்கோ. சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததும் நேரா அடுக்களைக்கு ஓடுவான். அங்க பாத்துட்டுப் பால்கனிக்கு ஓடுவான். தேடினான்னா, அத்தை கடைக்குப் போயிருக்கான்னு சொல்லு, அவனுக்கு அது தெரியும். தேடாட்டி நீங்களா ஒண்ணும் சொல்லாதீங்க. எம்பேர எடுக்காதீங்க. கிருத்திகாகிட்டயும் சொல்லிரு. அதுபாட்டுக்கு மறந்துட்டுப் போகட்டும்.

வைக்கேன்யா.

தங்கச்சி, இதை எப்படி அணைக்கிறதுன்னு கொஞ்சம் பாருங்க. அவன் இன்னும் லைன்லதான் இருக்கான் போல. எனக்குக் கண்ணு தெரியல.